வெள்ளம் கோரியவள்

சென்னையிலிருந்து வந்த அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தபோது மைனியின் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. பொழியூர் மீன்காரி கொண்டுவந்த சாளையை அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தவள், தபால்காரர் குரல் கேட்டதும் அப்படியே எழுந்து ஓடினாள். மைனி என்று நான் சொல்வது என் அண்ணனின் மனைவியை. அவள் எழுதி அச்சில் வந்த முதல் கதை அதில் இருந்தது. நின்றபடியே படித்தாள். பாதிப் பக்கம் தாண்டியதும் அவள் முகம் மாறியது. திரும்பப் படித்துவிட்டுப் பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். “பிள்ளே, இது எனக்க கதெதானா, நீயே நோக்கு” என்றாள். எல்லைப் போராட்டக் காலத்தில் நடக்கும் கதை. ஆண்களைத் தேடி ஒரு வீட்டுக்கு வரும் போலீஸ்காரன் தாகம் தாங்காமல் குடிக்கக் கேட்கிறான். வீட்டுக்காரி கிணற்றடிக்குப் போய் ‘வெள்ளம் கோரினாள்’ என்று மைனி எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். கோருவது என்றால் கிணற்றில் இறைப்பது. சென்னையில் யாரோ அதைப் படித்து, நடுவில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, தாமே நிரப்பிவிட்டார்கள். ‘அவள் கிணற்றடிக்குப் போய் வெள்ள நிவாரணம் கோரினாள்’ என்று அச்சாகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போலீஸ்காரன் நாவறண்டு நிற்கிறான், இவளோ கிணற்றைப் பார்த்து நிவாரணம் கேட்கிறாள். மைனியும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அது முழுக்கச் சிரிப்பால் வந்த நீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்ச மீனையும் கழுவினாள். “அந்தக் கதெ இன்னும் வரேல்ல. இனிதான் வரணும்” என்று மட்டும் சொன்னாள்.

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று கூட்டங்களில் என்னிடம் கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் பெரிய பெயர்களை எதிர்பார்க்கிறார்கள். பெரிய பெயர்கள் எனக்கும் உண்டு. அவர்களைப் படித்து நான் மயங்கியிருக்கிறேன், அழுதிருக்கிறேன். ஆனால் அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் கஞ்சி குடித்து, நான் பார்த்த எழுத்தாளர் மைனி ஒருத்திதான். எழுதுவதற்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு அவள் உட்காரும் அந்த இடம்தான் ஞாபகம் வருகிறது. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, மரச்சீனிக் கிழங்கு குவித்துவைக்கிற மூலையில், அரிசி புடைக்கும் சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து அதன்மேல் எழுதுவாள். சுளகின் வரிகள் எழுத்தில் ஏறிவிடும். “எனக்க எழுத்துக்கு மட்டும் நடுக்கம் உண்டு, எனக்கு இல்ல” என்பாள்.

எங்கள் பகுதியில் அப்போது பள்ளிக்கூடம் மலையாளத்தில்தான். மைனி தமிழ் எழுத்தைக் கற்றது கிறிஸ்தவ சபையின் ஞாயிறு வகுப்பில், பாட்டுப் புத்தகத்தை வைத்து. அதனால் அவள் தமிழில் இரண்டு சாயல்கள் இருந்தன. எழுத்தில் கோயில் பிரசங்கத்தின் தோரணை கொஞ்சம்; அதற்கு நடுவே சந்தையில், குளத்தங்கரையில் கேட்ட பேச்சு. இரண்டும் ஒட்டாது என்று எனக்குத் தோன்றும். அவள் கையில் ஒட்டின. காகிதம்தான் கஷ்டம். அண்ணன் எல்லைப் போராட்டக் கமிட்டியின் உள்ளூர்ச் செயலாளர். தெற்கே உள்ள தமிழ்ப் பகுதிகளோடு எங்கள் தாலுகாவும் சென்னை ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று அச்சடித்த நோட்டீசுகள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம்தான் அச்சு. மிஞ்சுகிற நோட்டீசின் பின்பக்கத்தில் மைனி கதை எழுதினாள். அதைச் சொல்லி நான் அண்ணனைக் கேலி செய்வதுண்டு: முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் மைனிக்கு; எது நிலைக்கப்போகிறது என்று பார்ப்போம்.

அவள் போராட்டத்துக்கு வெளியே நின்றவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது நெய்யாற்றின்கரை வரை சோற்றுப் பாத்திரத்தோடு நடந்தவள் அவள். ஊர்வலத்தில் அவள் குரல் முன்வரிசையில் கேட்கும். அந்த நாட்களில் ஆண்கள் எங்கெங்கோ மறைந்திருந்தார்கள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பெண்கள்தான் போய் நின்றார்கள். அப்படி ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் ஒரு போலீஸ்காரன் வந்து குடிக்கக் கேட்டான். மைனி இறைத்த முதல் வாளியை வாழைக்கு ஊற்றினாள். இரண்டாவதைப் பசுவுக்கு வைத்தாள். அதற்குப் பிறகு இறைத்ததைத்தான் அவனுக்குக் கொடுத்தாள். அவன் தலை குனிந்து குடித்துவிட்டுப் போனான். அந்தக் கதை பிறந்த விதம் இது.

போராட்டம் உச்சத்தில் இருந்தபோது கமிட்டி ஒரு சிறப்பு மலர் வெளியிட முடிவு செய்தது. எல்லை பற்றி முடிவு செய்யப்போகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இங்கே தமிழர் வாழ்கிறார்கள், தமிழில் எழுதுகிறார்கள் என்று அவர்கள் கையில் கொடுக்க ஒன்று வேண்டும். மைனியின் கதையைச் சரியான வடிவில் அதில் போடலாம் என்று அண்ணனே சொன்னான். அன்று அவள் அடைந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடிக்க முடியாது. நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதாமல், நல்ல தாள் வாங்கிவரச் சொல்லி, அழகாகப் படியெடுத்தாள்.

மலரைத் திருத்துவதற்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு புலவர் வந்தார். நல்ல மனிதர். எங்கள் வீட்டில் வைத்துத்தான் வேலை நடந்தது. மைனியின் கதையை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, நான் இதைப் படித்து மனம் கலங்கிப்போனேன். ஒரே ஒரு இடம்தான். ‘தண்ணீர் இறைத்தாள்’ என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். மைனி முடியாது என்றாள். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். இந்த மலரைச் சந்தேகத்தோடு படிக்கப்போகிறார்கள். ‘வெள்ளம் கோரினாள்’ என்று கண்டால், இது மலையாளம் அல்லவா, இவர்களா தமிழர்கள் என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பு அந்த வரியை எடுத்துக்காட்டிப் பேசும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அப்போது அப்படித்தான் பட்டது.

அண்ணனுக்குப் பொறுமை குறைவு. “ஒரு சொல்லுக்கு வேண்டி ஒரு தாலுகாவக் கொண்டு களையப் போறியா நீ?” என்று கத்தினான்.

மைனி குரலை உயர்த்தவில்லை. “அவ தண்ணீர் இறைச்சா அவ இந்த ஊர்க்காரி இல்ல. வேற எங்கயோ உள்ளவ. இந்த ஊர்க்காரிய வெளியில தள்ளிப்போட்டு, பொறவு எவள வச்சு இது தமிழ் ஊருன்னு சொல்லப் போறீங்க? எனக்க அம்மையும் வெள்ளம்தான் கோரினா. அவ தமிழத்தியாக்கும். மலையாளத்துக்காரனும் அப்பிடித்தான் சொல்லுவான்னா சொல்லட்டு. அவன் சொல்லுதான்னு நான் வாயப் பொத்திக்கிடணுமா?”

புலவர் அந்த வரியை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, “வெள்ளமும் பழைய சொல்தான், கோருவதும் பழைய சொல்தான். எனக்குத் தெரிகிறது. படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே அம்மா” என்றார். மைனி கும்பிட்டுச் சொன்னாள்: “அவங்களுக்கு மனசிலாவேல்லன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டு ஐயா. ஒரு நாட்டுக்கு எல்லை போட வாறவங்களுக்கு இதுகூட கேட்டுக்கிட நேரம் இல்லியா?” அவர் சிரித்துவிட்டார். ஆனால் முடிவு அண்ணன் கையில் இருந்தது. சொல்லை மாற்றித்தான் போடுவேன் என்று அவன் நின்றான். அப்படியானால் கதையே வேண்டாம் என்று மைனி தாள்களை எடுத்து மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அண்ணனுக்கு மட்டும் பரிமாறினாள். அவனும் பாதியில் எழுந்துவிட்டான்.

மலர் வந்தது. மைனியின் கதை இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கடையின் விளம்பரம். அதற்குப் பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தன் கதையைத் தள்ளிவிட்ட அந்த மலரைக் கைநிறைய அடுக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, உதியன்குளங்கரை சந்திப்பில் போய் நின்று விற்றாள். பஸ்சுக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் நீட்டினாள். சபையிலிருந்து வந்த பெண்கள், “உங்க கதெ இதில உண்டா?” என்று ஆசையாகக் கேட்டார்கள். “இதில இல்ல, வேற எடத்தில வரும். நீங்க இத வாங்குங்க” என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. உனக்கு மானம் இல்லையா மைனி என்று கேட்டுவிட்டேன். “எனக்கு ஊரும் வேணும், சொல்லும் வேணும் பிள்ளே. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியேல்ல. அதுக்கு நான் ஊர விட்டுர முடியுமா?” என்றாள்.

பிறகு எல்லை வந்தது. தெற்கே இருந்த தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு போயின. எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. நாலு மைல் நடந்தால் சொந்தக்காரர்கள் வீடு. அது வேறு ராஜ்யம். அண்ணன் ஒடிந்துபோனான். கட்டுக்கட்டாகக் கிடந்த நோட்டீசுகளைக் கொல்லையில் போட்டு எரிக்கப் போனான். மைனி போய் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அவை காகிதம்.

அதன் பிறகுதான் அவள் உண்மையில் எழுத ஆரம்பித்தாள் என்பேன். அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. சில பத்திரிகைக்காரர்கள், சில சொற்களை மாற்றினால் போடலாம் என்றார்கள். ஒருவர், உங்கள் மலையாளக் கதையைத் தமிழில் மொழிபெயர்த்தது யார் என்று கேட்டிருந்தார். அதைப் படித்து எங்கள் வீடே சிரித்தது. மலையாள வாரப் பத்திரிகை ஒன்றை நடத்திய பக்கத்து ஊர்க்காரர் நேரில் வந்து, மலையாளத்தில் எழுதித் தாருங்கள், உடனே போடுகிறேன் என்றார். மைனிக்கு அது முடியாத காரியம் இல்லை. மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “மலையாளத்தில நான் பேசும், சிரிக்கும், சண்டையும் போடும். கதெ மட்டும் தமிழ்ல தான் வருது, நான் என்ன செய்ய?” என்று சொல்லி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்த கதையை மறுநாளே வேறு இடத்துக்கு அனுப்புவாள். மனம் சோர்ந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் திருப்பி அனுப்ப, மலையாள அழைப்பைத் தானே மறுத்தவளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். அவள் யாருக்காக எழுதினாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்தாளரிடம் நான் முதலில் தேடுவது இப்போதும் அதைத்தான்.

இன்று காலம் மாறிவிட்டது. அவள் கதைகளைத் தொகுத்துப் போட ஒரு சென்னைப் பதிப்பகம் முன்வந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் இளம்பெண், வட்டாரச் சொற்களுக்குக் கடைசியில் பொருள் பட்டியல் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் மரியாதையாகக் கேட்டாள். வேண்டாம் மகளே என்றேன். போலீஸ்காரன் தாகம் என்கிறான், அவள் கிணற்றடிக்குப் போகிறாள். அதற்கு மேல் என்ன பொருள் வேண்டும்? அந்தப் பெண் ஒப்புக்கொண்டாள். முன்பு அந்தச் சென்னைப் பத்திரிகை செய்யாததை அவள் ஒரு நிமிடத்தில் செய்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, மைனி இல்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் மைனி அந்த வெற்றியைக் காணாமல் போகவில்லை. எல்லை வந்து பல வருஷம் கழித்து, நாகர்கோவிலில் சில இளைஞர்கள் தொடங்கிய ஒரு சிற்றிதழில் அந்தக் கதை அவள் எழுதியபடியே வந்தது. அடுக்களை வாசலில் நின்று அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தான். ‘வெள்ளம் கோரினாள்’ என்ற இடத்தில் நின்றான். “அண்ணைக்கு நான் சொன்னதக் கேட்டு நீ மாத்தியிருந்தேன்னா, தாலுகாவும் போயிருக்கும், இதுவும் போயிருக்கும், இல்லியா?” என்றான்.

மைனி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “உங்களுக்குச் சோறும் போயிருக்கும்” என்றாள்.

அண்ணன் சிரித்தான். எல்லை வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.