புடைத்த எழுத்துகள்

“நீதான்டி கெடுத்த! பாதிச் சோத்துல எழுந்து போனியே, அப்பதான்—”

“தண்ணி எடுக்கப் போனேன்டி! நீ மட்டும் கை கழுவப் போறேன்னு எவ்ளோ நேரம்—”

“நான் எதுக்குடி என் தாளையே கெடுத்துக்கறேன்?”

“அது உன் தாளா? நான் அடிச்ச தாளு திரௌபதி, நான் அடிச்சது!”

இப்படித்தான் நானும் சந்திரகலாவும் கத்திக்கொண்டிருந்தோம். படிப்பவர்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும் என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில், அக்கினி நட்சத்திர வெயிலில். 1979, மே மாதம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை அப்போது இந்த மாதிரி இல்லை. ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பினால் ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கே ஒரு பாழடைந்த மண்டபம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்று, கோடை லீவில் கல்லூரிப் பெண்களான எங்கள் இருவரையும் பயிற்சிக்கு எடுத்திருந்தது. மேலதிகாரி பரசுராமன் சார். மண்டபத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் சுவரில் இருந்த கல்வெட்டை மைப்படி எடுக்க வேண்டும்.

கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தப் தப்பென்று அடிப்போம். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் காய்ந்ததும் மையை ஒற்றினால் சுற்றிலும் கறுப்பாக, எழுத்து மட்டும் வெள்ளையாக விழும். காயட்டும் என்று விட்டுவிட்டுப் புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போவோம்.

திரும்பி வந்து பார்த்தால்... எழுத்துகள் உள்ளே இறங்கியிருக்காது. வெளியே புடைத்திருக்கும். கல்லுக்கு உள்ளேயிருந்து யாரோ அடித்த மாதிரி.

முதலில் ஒரு வரி. மறுநாள் முழுத் தாள்.

பயிற்சி முடிந்தால் ஒருத்திக்கு மட்டும் வேலை. அது கிடைக்காவிட்டால் நான் ஆவணியில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். சந்திரகலாவின் அப்பா கீழ்பென்னாத்தூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள்தான் மூத்தவள். அதனால் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். அவள் என்னை.

பரசுராமன் சார் வந்து சண்டையை விலக்கினார்.

“நாளைக்கு ஒரே ஒரு தாளு. அதுவும் கெட்டுச்சின்னா ரெண்டு பேரும் ஊருக்கு பஸ் ஏறுங்கம்மா.”

மறுநாள் சாப்பிடப் போவது போல் போனேன். சுற்றிக்கொண்டு வந்து ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மணி பன்னிரண்டரை இருக்கும். காற்றே இல்லை. காக்காய் கூடக் கத்தவில்லை.

தப்... தப்...

எட்டிப் பார்த்தேன். சுவர் முன்னால் யாரும் இல்லை. பிரஷ் வாளியில் கிடந்தது.

தப்... தப்...

ஓர் எழுத்து வெளியே புடைத்தது. அடுத்தது. அதற்கடுத்தது...

“நீயும் ஒளிஞ்சிக்கினுதான் இருந்தியா?”

காதருகே குரல். சந்திரகலா. என்னைப் பிடிக்க அவளும் பக்கத்துத் தூணில் காத்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“எலிடி” என்றாள்.

“கல்லுக்குள்ளயா?”

தாளின் நடுவில் பெரிதாக ஏதோ எழும்பியது. விரல்கள்... உள்ளங்கை.

“வாடி, ஓடிடலாம்” என்றேன்.

“தாளு போச்சின்னா வேலை போச்சுடி!”

ஈரத்தாள் எங்காவது தூக்கிக்கொண்டால் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டவைப்பது எங்கள் பழக்கம். அவள் சுவரை நோக்கி ஓடினாள். புடைத்த கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

அவள் திரும்பவில்லை.

“என் கைய விடுடி.”

“நான் தொடவே இல்லடி...”

“விடு... விடுன்றேன்ல...”

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம்.

அவள் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அந்த வெயிலில்.

தாள்... கல்லோடு கச்சிதமாக ஒட்டியிருந்தது. ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

சாயங்காலமே நான் பஸ் ஏறிவிட்டேன். வேலை சந்திரகலாவுக்குப் போனது. ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

அடுத்த வருஷம், ஆரணியில் என் மாமியார் வீட்டைத் தேடிக்கொண்டு பரசுராமன் சார் வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

“மண்டபத்தப் பிரிச்சாச்சும்மா.”

“செவுத்துக்குள்ள என்ன சார் இருந்திச்சி?”

“ஒண்ணுமில்ல. மண்ணும் ஜல்லியும்தான். எலி போற சந்துகூட இல்ல. ஆனா அந்தக் கல்லப் பொரட்டினோம்மா. உள்பக்கம்... கைய வெச்சி வெச்சித் தேஞ்ச மாதிரி வழவழன்னு ஒரு குழி. அஞ்சு வெரலும் தெரியுது.”

“சந்திரகலா பாத்தாளா?”

“பாத்துச்சி. தன் கைய அதுல வெச்சிப் பாத்துச்சி. அளவெடுத்த மாதிரி சரியா இருந்திச்சி. மறுநாள்லேர்ந்து வேலைக்கு வரல. வூட்டுக்கும் போவலையாம்.”

உள்ளே என் மாமியார் இருமினாள். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த வேலை காலியாதான் கிடக்குது. நீ வர்றியாம்மா?”