கீழ்க்கோட்டை உரசிய பன்னிரண்டு நாட்கள்

அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வரைபடத்தாள் சுருண்டு கிடக்கிறது. நடுவே நீலக்கோடு, அதற்கு மேலும் கீழும் சிவப்புக்கோடுகள், இடையே பென்சில் புள்ளிகள் அறுபத்திரண்டு. இன்று காலையும் எண்ணினேன்.

வரைந்தவர் திருகோணமலைத் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த மூத்தவர்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தொரு வருடம் அவர் இறங்குதுறையில் நின்று கடல்மட்டத்தைப் பார்த்துச் சொல்ல, நான் பதிவேட்டில் எழுதினேன். ஓய்வுபெற்றபின் பங்கு விலைகளுக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினார். நீலக்கோடு கடைசி இருபது நாள் விலையின் சராசரி. விலை கொந்தளித்தால் சிவப்புக்கோடுகள் விலகும், அடங்கினால் நெருங்கும். விலை மேல்கோட்டைத் தொட்டால் ஆட்கள் அளவுமீறி வாங்கிவிட்டார்கள், கீழ்க்கோட்டைத் தொட்டால் அளவுமீறி விற்றுவிட்டார்கள் என்பது கணக்கு.

ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்கு கீழ்க்கோட்டைத் தொட்டது. கூரை மாற்ற வைத்திருந்த காசைப் போடப்போவதாகச் சொன்னேன்.

"பொறுங்க தம்பி. தொட்டது காணாது. கோட்டை விட்டு விலகி உள்ளுக்கு வரட்டும்."

"எவ்வளவு வத்தினாலும் கடல் திரும்ப ஏறாமல் விட்டதை நான் ஒருநாளும் எழுதினதில்லை, நானா."

"கடலுக்குச் சந்திரன் இரிக்கு. ஹோட்டலுக்கு ஆரு இரிக்கா?" என்று சிரித்தார்.

வாங்கினேன். விலை கீழ்க்கோட்டை உரசியபடியே இறங்கியது; கோடும் கூடவே இறங்கியது. இன்றைக்கு ஏறும், இன்றைக்கு ஏறும் என்று நாட்களை எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் மனம் தாங்காமல் வந்த விலைக்கு விற்றேன்.

மறுநாள் பின்னேரம் நானா குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கையில் சுருட்டிய தாள், முகத்தில் சிரிப்பு. நேற்றே விற்றுவிட்டேன் என்றேன். தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன தாள் அது?"

"ஒண்டுமில்ல, பழசு."

கதிரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். "நாலஞ்சு ஓடு மாத்தினாக் காணும் போல" என்றார். உடைந்தவை நாற்பத்தாறு. அது அவருக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமானார். மகள் கொண்டுவந்து தந்த தாள்களில் இதுவும் இருந்தது. நான் விற்ற நாளுக்கு அடுத்த புள்ளி கோட்டை விட்டு விலகி உள்ளே நிற்கிறது. பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்து: 'இப்ப வாங்கலாம்.'

"இஞ்சருங்கோ, புள்ளி எண்ணினது காணும். மழையில சட்டி நிரம்பி வழியுது, எடுத்து ஊத்துங்கோ" என்கிறாள் மனைவி.

ஏழு சட்டிகள். தாளைச் சுருட்டி மேல்தட்டில் வைக்கிறேன். இந்த வீட்டில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.