கண்டனூரில் பரப்பிய சீர்

துக்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நடுவே ஒரு விளையாட்டையும் வைத்தால்தான் அது செரிக்கும் என்று நம்பிய அறிவாளி நான். தொண்ணூறுகளில் காரைக்குடி ஓட்டல் ஒன்றுக்காகப் பயணிகளைக் கூட்டிப்போய்ப் பழைய வீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கண்டனூரில் அறுபதைத் தாண்டிய ஒருவர், தன் வீட்டில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிடச் சம்மதித்தார். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய குடும்பம். அவருடைய தங்கை வழியிலேயே இறந்துபோனாள், ஒன்பது வயது. பெண் பிறந்ததுமே கல்யாணச் சீருக்குப் பாத்திரம் சேர்க்க ஆரம்பிப்பது செட்டியார் வீட்டு வழக்கம். அவளுக்காகச் சேர்த்ததெல்லாம் அந்த அறையில் அப்படியே இருந்தது.

"வாரவுகளுக்கு அவளப் பத்திச் சொல்லுங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள் என்று எனக்குக் கவலை. எல்லாவற்றையும் துலக்கி முற்றத்தில் பரப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே பரப்பல் கல்யாண வீட்டுப் பரப்பல்தான். மாக்கோலம், மாவிலைத் தோரணம் எல்லாம் போட்டேன். பாத்திரத்தின் பெயரைச் சரியாகச் சொன்னால் தேன்குழல் பரிசு. தங்கையின் கதை கடைசியில்.

சென்னைக் கூட்டம் ஒன்று வந்தது. மூக்கு நீண்ட சின்ன வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"எண்ணெய்க் கிண்ணம்!"

"இல்ல சார், மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சா மூக்குல மருந்து ஊத்துறது!" என்றார் கூட்டத்தில் இன்னொருவர்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

"பாலாடை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டுக்காரர். "அவ பிள்ளைக்குப் பால் புகட்டன்னு எங்க ஆத்தா வாங்கி வச்சது."

பரிசுத் தட்டை ஒளிக்க இடமில்லாமல், தடயத்தை அழிக்கிற திருடனைப் போல இரண்டு தேன்குழலை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஓர் அம்மாள் ஆசையாகக் கேட்டார்: "கல்யாணப் பொண்ணு எங்கங்க?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க தம்பி. வாயில என்னத்த வச்சிருக்கீக?"

மென்றேன். புரையேறியது. யாரோ முதுகில் தட்டினார்கள், கூட்டம் மறுபடி சிரித்தது. வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார். விழுங்கி முடித்த பிறகாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று எல்லோரையும் வாசலுக்கு ஓட்டி, முதல் ஆளாக நானே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பாத்திரங்களை அவர் ஒருவராகவே உள்ளே எடுத்து வைத்துப் பூட்டியதாகக் கேள்விப்பட்டேன். அந்த அறையை அவர் பிறகு யாருக்கும் திறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு பெண் இருந்து இறந்தது தெரியாது.