கெம்பம்மா அடுப்பில் வைத்த பலகை

கிருஷ்ணகிரி அணைக்குப் போனவர்கள் மீன் வறுவல் தின்னாமல் திரும்புவதில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து அங்கே கடை போட்டவர்களில் கெம்பம்மாவும் ஒருத்தி. கைப்பக்குவம் அபாரம். வாயும் அப்படித்தான், காரம் கொஞ்சம் தூக்கல். புருஷன் கங்கப்பனுக்குக் கிரானைட் குவாரியில் வேலை. கல் ஏற்றும்போது சங்கிலி அறுந்து, இடது கால் தொடையோடு போயிற்று. அதற்கப்புறம் கடையோரம் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டினான். சிரிப்பு அடியோடு நின்றுபோனது.

மறுபடி சிரிக்க வைத்தது தண்ணீர்தான். குளிக்க இறங்கிய இடத்தில் ஒருநாள் கண்டுகொண்டான், தண்ணீருக்குள் ஊன்றுகோல் தேவையில்லை என்று. வெளிநாட்டுக்குப் போகும் கல்லுக்குப் பெட்டி அடிக்கிற லேசான பலகை ஒன்றைக் குவாரி நண்பர்களிடம் கேட்டு வாங்கினான். முனையை இழைத்தான். நெஞ்சு படும் இடத்தில் லாரி டியூப் துண்டை வைத்து ஆணியடித்தான். மதகுத் தண்ணீர் பாறையில் புரண்டு, அலையாக எழுந்து, மணல் திட்டைப் பார்த்து ஓடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே பலகைமேல் குப்புறப் படுப்பான். அலை தூக்கியதும் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளி, ஒரே ஓட்டமாகத் திட்டில் வந்து சேருவான். இரண்டு கால் உள்ளவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள்.

"கெம்பு, பாத்தியா?" என்று அங்கிருந்தே கத்துவான். அவளும் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். வீட்டில் கிண்டலும் சண்டையும் பழையபடி வந்தன. அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடிப் பதினெட்டு. புதுத் தண்ணீர் பார்க்க ஊரே திரண்டிருந்தது. கரையில் நின்று பூவும் மஞ்சளும் காசும் ஆற்றில் போட்டார்கள். கடையில் வியாபாரம் தலைக்குமேல். புகைக்கு நடுவே கெம்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். கங்கப்பன் கரையோரம் பலகைமேல் கிடந்தான். சுற்றிலும் காசு விழுந்துகொண்டிருந்தது. பலகையில் விழுந்த ஒன்றை எடுத்து அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாவம், நொண்டி ஆளு. வித்தை காட்டிப் பொழைக்கிறான்" என்றாள் மீன் வாங்க நின்ற ஒருத்தி.

கெம்பம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கஞ்சி இல்லாத நாளிலும் கையேந்தாதவள் அவள். அதற்குமேல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவன் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

"பலகை எங்கடி?"

"எரியுது பாரு. நான் ஒழைச்சுப் போடறன்ல? நீ பிச்சையெடுத்துத்தான் இந்த ஊட்டுல சோறு பொங்கோணுமா?"

கங்கப்பன் கத்தியை எடுத்து மீன் சுரண்ட உட்கார்ந்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டும் ரோஷம் பிடித்த ஜென்மங்கள், யாரை என்ன சொல்ல?

அந்த மாதம் முடிவதற்குள் சாமல்பட்டியிலிருந்து நசருல்லா என்கிற தையல்காரர் வந்தார். போலியோவில் இரண்டு காலும் சூம்பியவர். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கடைக்கு வந்து சேர்ந்தார். கங்கப்பன் அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தான்.

"அண்ணன் இல்லீங்களாக்கா? என்னையும் பலகையில ஏத்தி வுடுவாரான்னு கேக்க வந்தன். என்னாட்டம் இன்னும் ரெண்டு பேரு கூட வரன்னாங்க."

"அவரு இப்ப எறங்கறதில்லீங்க. காசு வீசறாங்க. மானம் போவுது."

"காசா? அது ஆத்துக்குப் போட்டதுக்கா. பலகையில வுழுந்ததைக் கண்ணுல ஒத்தி, திரும்பத் தண்ணியிலேயே வுட்டாரு. 'ஆத்தாளுக்குக் குடுத்தது, நாம வெச்சுக்கக் கூடாது'ன்னாரு. ஆடிப் பதினெட்டு அன்னிக்கி நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தன்."

அன்றைக்கு விடியலில் கெம்பம்மாவும் தன் கையால் ஆற்றில் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பே மூட்டினாள். சட்டியில் மீன் கருகியது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டுக் குவாரிக்கு ஓடினாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு பலகை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து இழைத்து வாங்கி, கங்கப்பன் முன்னால் வைத்து, நசருல்லா வந்து சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் அதைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல பலகை. அந்த சாமல்பட்டிக்காரருக்குக் குடு."

"உனக்குத்தான்யா கொண்டாந்தன். நான் பண்ணது தப்பு. போயி எறங்குய்யா."

"ஊரே பிச்சைக்காரன்னு சொல்லியிருந்தா தொடைச்சுப் போட்டுட்டு எறங்கியிருப்பன், கெம்பு. உன் கண்ணுக்கே அப்படித் தெரிஞ்சுபோச்சே."

நசருல்லா அந்தப் பலகையில் படுத்துப் பழகினார். பிறகு மத்தூரிலிருந்து ஒருவர், ஓசூர் கம்பெனி ஒன்றில் கையை இழந்த பையன் ஒருவன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டமே சேர்ந்தது. தண்ணீரிலிருந்து அவர்கள் போடும் கூச்சல் கடைவரை கேட்கும். கங்கப்பன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் சுரண்டுவான்.

ஒவ்வொரு ஞாயிறும் கெம்பம்மா அவனைக் கூப்பிட்டாள். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அவன் கண்ணை மூடும்வரை கூப்பிட்டாள். "அடுத்த வாரம் பாக்கலாம், கெம்பு" என்பான், அவ்வளவு சாந்தமாக. ஒரு தடவையாவது கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.