காதர் பாய் குடோனில் ஒரு ஞாயிறு

நேற்று ராயபுரத்தில், மழையில் நனைந்த பனியன் கழிவுத் துணியின் வாடை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. இப்போது கார்கள் நிற்கும் அந்த இடத்தில்தான் காதர் பாயின் வேஸ்ட் குடோன் இருந்தது. மெஷின்கள் அடங்கிய ஞாயிறு மதியங்களில் துணி மூட்டைகளின் மேல் நாங்கள் பிள்ளைகள் படுத்திருக்க, கீழே பெரியவர்கள், ஆசியாவிலேயே பெரிய குத்துச்சண்டை வீரன் யாரென்று மல்லுக்கட்டுவார்கள்.

டெய்லர் மணி தாய்லாந்துக்காரன் பக்கம்.

"பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடைங்கற கதையாட்ட இருக்குதுங்க. நீங்க ஒரு கொசுவையாச்சும் அடிச்சிருக்கீங்களா?" என்பார் பாய். அவர் பிலிப்பைன்ஸ்காரன் கட்சி. அது அவர் மகன் சலீமின் கட்சி. கழிவுத் துணி அடைத்த கோணியை உள்ளறையில் தொங்கவிட்டுக் குத்திப் பழகிய சலீம், லாரி மோதி இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. அவன் பழகுவதைப் பாய் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோணியை அவிழ்க்க யாரையும் விடவில்லை.

அப்படியொரு ஞாயிறன்று, திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த கட்டிங் மாஸ்டர் உள்ளறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இப்படி அடிச்சுக்கிடுதிய? உள்ள மூட்டையக் குத்திக்கிட்டு இருக்கானே, அந்தப் பையன்கிட்ட கேட்டா சொல்லிருவாம்லா."

உள்ளேயிருந்து தொப், தொப் என்று எங்களுக்கும் கேட்டது. கதவைச் சாத்த எழுந்த மணியின் கையைப் பாய் பிடித்து நிறுத்தினார். மாஸ்டரைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"நல்லாக் குத்தறானாங்க?"