ஐம்பத்தொரு கருவிகளும் பழுது

இசைக்கருவி பழுது பார்க்கிற எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கலை பண்பாட்டுத் துறைக்குச் சொந்தமான ஐம்பத்தொரு இசைக்கருவிகள் பல வருடங்களாக என் பட்டறையில் பழுது பார்க்கப்படாமல் கிடக்கின்றனவாம். அதற்கு நான் விளக்கம் தர வேண்டுமாம். அன்று என் பட்டறையில் கிடந்தவை ஒரு வயலின், கால் ஆடும் ஒரு ஸ்டூல், அப்புறம் நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். கூடப் பிறந்தவள் இல்லை. துறையின் இரவல் நிலையத்தில் பொருள் காப்பாளர். ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா. நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல அங்கே வயலின், கிளாரினெட், வயலினுக்குப் பெரியண்ணன் போன்ற செல்லோ எல்லாம் எடுத்துப் போகலாம். வாங்க வசதி இல்லாதவர்களும் வாசிக்கட்டும் என்று அரசாங்கம் திறந்து வைத்த இடம். அரசாங்கத்தை வாய் வலிக்கத் திட்டுகிறவன்தான் நான். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். அரசாங்கம் வந்து பாட வேண்டாம். வாசிக்கிறவர் கையில் கருவியைக் கொடுத்தால் போதும்.

அக்காவுக்குப் பாட வராது. அவள் தாலாட்டினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று அவள் வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் எந்தக் கிளாரினெட் எந்தத் தெருவில் எந்த மாடியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். செல்லோவை அடுப்புப் பக்கம் வைத்த ஒரு தபால்காரரை அவர் மாமியார் முன்னாலேயே பிடிபிடியென்று பிடித்தவள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி, உன் பேரைக் கெடுத்துட்டேன்டா."

அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. விதிப்படி ஒரு கருவியை மூன்று மாதம்தான் வைத்திருக்கலாம். திருப்பிக் கொடுத்தவர் ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது. எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான், வரிசையில்தான் ஆள் இல்லை. கேட்டு வருகிற புது ஆளுக்குக் கொடுக்க அலமாரியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கிடக்கும். மூன்று மாதத்தில் வில்லைப் பிடிக்கப் பழகியவர் கருவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போவார். கருவி ஆறு மாதம் உள்ளே தூங்கும்.

முதலில் வந்து நின்றது ஆஸ்பத்திரி நர்ஸம்மா. செல்லோவை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் உறையைத் தடவிக்கொண்டே நின்றாராம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "பழுதுன்னு எழுதிக்கிறேன், நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். பழுதான கருவிக்கு நாள் கணக்கு ஓடாது. செல்லோ நர்ஸம்மா வீட்டுக்குப் போனது. பதிவேட்டில் என் பட்டறைக்கு வந்தது. பதினோரு வருடத்தில் அப்படியே ஐம்பத்தொன்று ஆகிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா நீ பயந்துடுவே."

பயந்துதான் போனேன். ஏனென்றால் அவளுக்கும் அன்றைக்கே ஒரு உத்தரவு வந்திருந்தது. அறுபத்து நான்கில் ஐம்பத்தொன்று பழுதாகக் கிடக்கிற நிலையம் எதற்கு? மூடிவிடலாம், கருவிகளை உதவாதவை என்று கழித்துவிடலாம் என்று மேலே முடிவாகியிருந்தது. கழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் துணை இயக்குநர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறார்.

அக்கா ஐம்பத்தொரு வீட்டுக்கும் ஆள் சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. பாவிகள், ஏதோ பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போலத் துடைத்து, மெருகேற்றி, புதுத் தந்தி கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாக அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

பையிலிருந்து தந்தி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து அக்கா கையில் திணித்தேன்.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு தந்தியை அறுத்துடலாம் அக்கா, கிளாரினெட்ல ஒரு பொத்தானைக் கழட்டிடலாம். பதிவேட்ல இருக்கிற மாதிரி ஆயிடும். உன் வேலை தப்பும். நான் சோம்பேறின்னு பேர் வாங்கினா வாங்கிட்டுப் போறேன்."

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் பழுது பார்க்கிறவன். ஆனால் அன்று அவள் வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் இரண்டே வருடம்.

அக்கா குறட்டோடு செல்லோ பக்கத்தில் போய்க் குனிந்தாள். குறட்டின் வாயை ஒரு தந்தியில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து குறட்டை என் பையிலேயே போட்டாள்.

"இதைப் பழுதுன்னு எழுதலாம்டா. பழுதாக்க முடியாது."

துணை இயக்குநர் ஒல்லியான மனிதர், கையில் நீளமான பட்டியல். முதல் வயலினை எடுத்தார், திருப்பினார், விரலால் தந்தியைச் சுண்டினார். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன பழுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"எதுலயும் பழுது இல்லைங்க சார். நான் எழுதினது பொய். இவருக்கு எதுவும் தெரியாது. ஐம்பத்தொண்ணும் வெளியிலதான் இருந்தது. வாசிச்சுக்கிட்டு இருக்காங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா சார்."

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா எழுந்தார். இரவு வேலை முடித்து அப்படியே வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. "சார், பார்த்து முடிச்சாச்சுன்னா எடுத்துட்டுப் போகலாமா? ஞாயித்துக்கிழமை வாசிக்கணும், வார்டுல கேட்டிருக்காங்க" என்றார். துணை இயக்குநர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

மூன்று வாரத்தில் ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது: நிலையம் தொடரும், மூன்று மாத விதி நீக்கப்படுகிறது, வேறு யாரும் கேட்காதவரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது: பொய்ப் பதிவு செய்த பொருள் காப்பாளருக்குப் பதவி உயர்வு ரத்து, நிலப் பதிவு அலுவலகத்துக்கு இடமாற்றம். அக்கா முதலாவதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவதை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ரத்து என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அவள் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் புதுப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவியின் நிலையையும் அவள் கையாலேயே எழுத வேண்டும். அலுவலகம் மூடுகிற நேரமாகிவிட்டது. பூட்டித் தருவதாகச் சொல்லி நான் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றேன். அவள் முதல் வரியில், 'நல்ல நிலை. வாசிக்கப்படுகிறது' என்று எழுதினாள். அடுத்த வரியிலும் அதையே முழுதாக எழுதினாள். அதற்கடுத்ததிலும்.

"கீழெல்லாம் மேற்படின்னு போட்டுட்டா முடிஞ்சுதே அக்கா?"

அவள் தலை நிமிரவில்லை.

"பொய்யை ஐம்பத்தொரு தடவை முழுசா எழுதினேன்டா. உண்மைக்கு மட்டும் மேற்படியா?"

நான் உள்ளே போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பதினாலாவது வரியில் இருந்தாள்.