வியாழக்கிழமை மிஸ்டு கால்

எங்கள் தாய்வழிக் குடும்பப் பதிவேட்டில் வைசன் மக்வின்ஜாவின் பெயருக்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை. ஆண்களின் பிள்ளைகள் அவரவர் தாய்வீட்டு ஏட்டில் சேர்வதே முறை. ஆகவே அவருடைய மகள் தமாண்டா, பலாக்கா ஊரில் அவளுடைய தாய்மாமன் வீட்டுப் பிள்ளை. மணம் முறிந்த நாளில் வைசன் ஒரு போர்வையும் வானொலிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு மனைவியின் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அப்போது மகளுக்கு ஏழு வயது.

அதன்பின் லிம்பே நகரில் டயர் விற்கும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தார். பிறருக்கு வரும் அழைப்புகளை நாள் முழுவதும் பிறருக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு வரும் ஒன்று மட்டும் அவருடையது. ஒரே மணியோடு அது நின்றுவிடும். மாமன் வீட்டுக் கைபேசி தமாண்டாவின் கையில் தனியாக இருக்கிறது என்பதற்கு அந்த மிஸ்டு காலே அடையாளம். வைசன் உடனே திருப்பி அழைப்பார். அடையாளமின்றி அழைத்தால் மாமன் எடுப்பார். எடுத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

தமாண்டாவுக்குப் பதினொரு வயதானபோது அலுவலகத்திற்குப் புதிய தொலைபேசி அமைப்பு வந்தது. மேலாளர் திருமதி கும்வெண்டா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"மணி ரெண்டாவது தடவ அடிக்கக் கூடாது, வைசன். அடிச்சா ஆளில்லாத கடைன்னு நெனைப்பாங்க."

வைசன் மூன்று நாள் பயிற்சி பெற்று, எந்த அழைப்பு எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதைத் தாமே அமைத்தார். டயருக்கு ஒன்று, உதிரிபாகங்களுக்கு இரண்டு, பட்டறைக்கு மூன்று. தம்மிடம் பேசுவதற்கான பூஜ்யத்தை அடக்கம் கருதிக் கடைசியில் வைத்தார். வரவேற்பைத் தம் குரலிலேயே முதலில் ஆங்கிலத்திலும் பிறகு ஊர்மொழியான சிச்சேவாவிலும் பதிவுசெய்தார். மொத்தம் நாற்பத்து நான்கு வினாடி. பன்னிரண்டு முறை சோதித்துக் குறித்தும் வைத்தார். வாழ்நாளெல்லாம் மிஸ்டு காலில் காலம் தள்ளிய அவருக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை: உடனே எடுத்துவிடும் இயந்திரத்துக்கு மிஸ்டு கால் கொடுக்க முடியாது.

அந்த வியாழக்கிழமை மணி அடிக்கவில்லை. அடுத்த மூன்று வியாழன்களிலும் இல்லை. வளர்ந்துவிட்டாள், தோழிகள் இருப்பார்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அலுவலகம் பூட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அறைக்குப் போய்ச் சோளக்களியைப் பாதியில் மூடிவைத்தார்.

ஐந்தாம் வாரம் நிறுவனத்து லாரி ஓட்டுநர் கசெம்பே நேரில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க மெஷினுக்கு வெக்கமே கிடையாதா? ஒரு மிஸ்டு கால்தான் குடுத்தேன். லபக்குனு எடுத்துப் பேச ஆரம்பிச்சிருச்சு. போன்ல பேசறதுக்குக் காசு போட்டு வெச்சிருந்த யூனிட் பூரா போச்சு."

"கட் பண்ண வேண்டியதுதானய்யா."

"உங்க குரல்ல வணக்கம் சொல்லுதுண்ணே. பெரிய மனுஷன் பேசிட்டிருக்கும்போது பட்டுனு எப்படி வெக்கறது?"

வைசன் கணினியில் அழைப்புப் பட்டியலைத் திறந்தார். பலாக்கா எண் இருந்தது. முதல் வியாழன் மூன்று வினாடி. இரண்டாவதும் மூன்று வினாடி. மூன்றாவது வியாழன் நாற்பத்தொரு வினாடி. நான்காவதில் எதுவும் இல்லை. அழுத்திய பொத்தான் என்ற இடம் வெறுமையாக இருந்தது. டயருக்கு ஒன்றை அழுத்துமாறு தன் தகப்பன் இரு மொழிகளில் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பூஜ்யத்தை அவளுக்குப் புரியும் சிச்சேவாவில் சொல்லும் முன் யூனிட் தீர்ந்துவிட்டது.

ஓட்டுநர்களின் எண்கள் மட்டும் தம் மேசையில் ஆறு முறை மணி அடித்த பிறகே இயந்திரத்துக்குப் போகட்டும் என்று வைசன் மறுநாள் ஒரு பட்டியல் கொண்டுபோனார். திருமதி கும்வெண்டா விரலால் எண்ணினார்.

"பதினோரு வண்டிதான நம்மகிட்ட? பன்னெண்டாவது யாரு?"

"என் பொண்ணும்மா."

"டயர் வாங்குவாளா?"

"மாட்டாம்மா."

திருமதி கும்வெண்டா பேனாவை எடுத்தார். "இருக்கட்டும்," என்று கையெழுத்திட்டார்.

அடுத்த வியாழன் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மூன்றாவது வியாழன் நான்கு பன்னிரண்டுக்கு அடித்தது. பலாக்கா எண். ஒரு மணியோடு நிற்கும் என்று வைசன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. மிஸ்டு கால் கொடுப்பதை அவள் விட்டுவிட்டாள். இயந்திரம் பேசட்டும் என்று காத்திருக்கிறாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"தமாண்டா?"

வைசன் ரிசீவரை வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தார்.

"அப்பாதாம்மா."

"டயருக்கு ஒண்ணுனு சொல்லலயே," என்றாள். "மெஷின் இல்லயா?"

"மெஷின் இல்லம்மா. வெச்சிடு, யூனிட் போயிடும். நான் கூப்பிடறேன்."

அவள் வைக்கவில்லை. இணைப்பு தானாகத்தான் அறுந்தது. வைசன் எண்ணை அழுத்தினார். முதல் மணி முடியுமுன் அவள் எடுத்துவிட்டாள்.